சரியானதைக் கெடுத்துப் பார்ப்பவள்

கோபப்படாமல் அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். இரண்டு வரி கூடத் தாண்டவில்லை, பல்லைக் கடிக்கிறேன். கெட்டுப்போன பொருளைச் சரி செய்கிறவர்கள் உலகத்தில் உண்டு. கெட்டது கெட்டபடி கிடக்கட்டும் என்று விடுகிறவர்கள் அதைவிட அதிகம், நான் அந்த ரகம். சரியான பொருளை மறுபடியும் கெடுத்துப் பார்க்கிற ஒருத்தியை நான் என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நாங்கள் இரண்டு பேரும் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஸ்டாஃப் ரூமில் அவளுக்கும் எனக்கும் ஒட்டினாற்போல நாற்காலி. என் தலையெழுத்து.

செவிலிமேட்டிலிருந்து மொபெட்டில் வருவாள். ஒல்லியான உடம்பு, காட்டன் புடவை, தோளில் ஒரு துணிப்பை. அந்தப் பைக்குள் சாப்பாட்டு டப்பாவோடு ஸ்க்ரூ டிரைவரும் இருக்கும். கணக்கு எம்.எஸ்ஸி. படித்தவளுக்கு எதற்கு ஸ்க்ரூ டிரைவர் என்று கேட்காதீர்கள். நான் கேட்டு அனுபவித்தவள்.

ஒருநாள் பரீட்சை ஹால் டியூட்டிக்குப் போகிற அவசரத்தில் அவள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். பஸ் ஸ்டாண்டு தாண்டி வண்டி நின்றுவிட்டது. பூக்கடைக்காரர் ஒருவர் வந்து எதையோ தட்டினார், ஒயரை ஆட்டினார், வண்டி கிளம்பியது. நான் சாமிக்கு நன்றி சொல்லி ஏறி உட்கார்ந்தேன். இவள் உட்காரவில்லை.

"சரியாயிடுச்சு, சரி. ஏன் சரியாச்சு?" என்றாள்.

"அவரு தட்டினாரு, சரியாச்சு. கெளம்புபா."

"தட்டினதாலயா, ஒயர ஆட்டினதாலயா? ரெண்டும் பண்ணாரே."

சொல்லிக்கொண்டே ஒயரைப் பிடுங்கினாள். வண்டி நின்றது. மறுபடியும் சொருகினாள். கிளம்பவில்லை. பிறகு பூக்கடைக்காரர் தட்டியும் கிளம்பவில்லை. கல்லூரி வரை இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு போனோம். வேர்வை வழிய வழிய அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"பாத்தியா, ஒயருதான்."

"ஒயருதான்னு தெரிஞ்சி இன்னா பண்றது? தள்ளு."

இதுதான் அவள். கெட்டது ஏன் கெட்டது என்று தெரியாமல் அதுவாகச் சரியாகிவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. மறுபடியும் கெடுப்பாள். கெட்டால்தான் நம்புவாள்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அண்ணன் தறி போடுகிறான். எங்கள் குடும்பத்துப் பழக்கம் இதற்கு நேர் எதிர். இழை அறுந்தால் முடி போட்டுவிட்டு மேலே போக வேண்டியதுதான். ஏன் அறுந்தது, எங்கே அறுந்தது என்று விசாரணைக் கமிஷன் வைத்தால் புடவை எப்போது முடிவது? அவள் ஒருதடவை வீட்டுக்கு வந்தபோது அண்ணன் அறுந்த இழைக்கு முடி போட்டுக்கொண்டிருந்தான். இவள் போய்க் குனிந்து நின்றாள்.

"அண்ணா, ஏன் இந்த எடத்துல மட்டும் அறுந்துது?"

"நூலுன்னா அறுந்துதாம்மா போவும்."

"பக்கத்துல இருக்கறது அறுந்து போவலியே?" என்று கேட்டவள், எவ்வளவு தாங்குகிறது பார்ப்போம் என்று பக்கத்து இழையை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தாள். கல்யாணப் புடவை. அண்ணன் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு அவள் வந்தால் வாசலிலேயே நாற்காலி போடச் சொல்லிவிட்டான்.

சரி, இப்போது என் கதைக்கு வருகிறேன். அந்தச் சமயம் நான் வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். பாதியில் கல்யாணம், குழந்தை, மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று இழுத்து இழுத்து, பல்கலைக்கழகம் கொடுக்கிற கால நீட்டிப்பையெல்லாம் தின்று தீர்த்துவிட்டேன். எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் அந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார். இந்தத் தடவை ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அத்தனை வருஷ உழைப்பும் பழைய பேப்பர்.

என் ஆய்வில் எக்ஸும் ஒய்யுமாக நீளநீளமான பல்லுறுப்புக்கோவைகள் வரும். கையால் போட்டால் ஜென்மம் போய்விடும். விலைக்கு வாங்குகிற மென்பொருளுக்குக் கல்லூரி நிர்வாகம் கையை விரித்தது. கள்ள சிடி வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். இவள் விடவில்லை. கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சிடியைக் கொண்டு வந்தாள். அதில் கணக்குப் போடுகிற மென்பொருள் ஒன்று இருந்தது. காசும் கிடையாது, பூட்டும் கிடையாது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். 'பிரித்துப் பார்க்கலாம்' என்று படித்ததுமே அவள் முகம் மலர்ந்த அழகை நான் பார்த்தேன். அப்போதே ஓடியிருக்க வேண்டும்.

கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் சிடியைப் போட்டால் இன்ன ஃபைல் இல்லை என்றது. அதைப் பிரவுசிங் சென்டரில் இறக்கி ஃப்ளாப்பியில் கொண்டு வந்தால், அதற்கு இன்னொன்று வேண்டும் என்றது. அதையும் கொண்டு வந்தால், இது பழசு, புதுசாக வேண்டும் என்றது. சம்பந்தி வீட்டுச் சீர் மாதிரி கொடுக்கக் கொடுக்க அடுத்ததைக் கேட்டது. நடுவில் ஒரு ஃப்ளாப்பி படிக்க மாட்டேன் என்று உயிரை விட்டது. கடைசியில் ஒரு மத்தியானம் ஓடியது. ஒரு கோவையைக் கொடுத்தேன், கண் மூடித் திறப்பதற்குள் விடை. நான் கை தட்டினேன். லேப் அட்டெண்டரும் தட்டினார்.

அவள் எல்லாவற்றையும் அழித்தாள்.

"ஏய்! இன்னா பண்ற?"

"இத்தனை ஃபைல் போட்டோமே, இதுல எது நெஜமாவே வேணும், எது சும்மா கெடக்குதுன்னு தெரியல. ஒண்ணொண்ணா எடுத்துட்டுப் போட்டுப் பாக்கறேன். எடுத்தா கெடுதுன்னா அது வேணும். கெடலன்னா எதுக்குச் சுமக்கணும்?"

அந்த வாரம் முழுக்க இதே வேலை. நான் தினமும் லேப் வாசலில் நின்று கெஞ்சுவேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "இன்னிக்கி நல்லாக் கெட்டுதுபா" என்பாள், பாயசம் நன்றாக வந்தது என்று சொல்கிற மாதிரி.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவளோடு இருந்தால் சில சமயம் சிரிக்க முடியாது. கல்லூரியில் சேருவதற்கு முன்பே அவளை வாலாஜாபாத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வேலைக்குப் போகக்கூடாது என்று சண்டை வந்து செவிலிமேட்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் திரும்பக் கொண்டு போய் விட்டார்கள். புருஷன் அனுசரணையாக இருந்தான், மாமியார் தட்டில் இரண்டு அப்பளம் அதிகமாக வைத்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இவள் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டிருக்கிறாள்: "இப்ப எல்லாம் நல்லாருக்குது. முன்ன ஏன் நல்லா இல்ல?" மாமியார் இன்னொரு அப்பளம் வைத்தாள். இவள் முதல் சண்டைக்குக் காரணமான அதே பேச்சை எடுத்தாள். நாளையிலிருந்து வேலைக்குப் போகிறேன் என்றாள். புருஷன் சாப்பாட்டுத் தட்டை வீசினான். இவள் கையைக் கழுவிவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

"சரியான குடித்தனத்தத் தானே கெடுத்துக்கினு வந்துட்டா" என்று ஸ்டாஃப் ரூமே பேசியது. நான் அவளிடமே கேட்டேன், கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று.

"சரியாவே இல்லபா அது. தட்டு எப்பயாவது பறந்துதான் இருக்கும். கொழந்த பொறந்தப்புறம் பறந்தா?" என்றாள்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. என் வீட்டில் நான் எதையெல்லாம் முடி போட்டுவிட்டு மேலே போயிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்து, உடனே நிறுத்திக்கொண்டேன்.

ஆய்வேடு ஒருவழியாக எழுதி முடிந்தது. திங்கட்கிழமை கடைசி நாள். அதற்கு முந்தைய வியாழக்கிழமை, பின்னிணைப்பு மட்டும்தான் பாக்கி. பின்னிணைப்பு என்றால் மென்பொருள் போட்டுக் கொடுத்த கோவைகள், பக்கம் பக்கமாக. அந்த மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. எக்ஸ் ஸ்கொயர் என்று எழுத வேண்டுமானால் எக்ஸை ஒரு வரியிலும், அதன் அடுக்கான இரண்டை அதற்கு மேல் தனி வரியிலும் போடும். திரையில் பார்த்தால் அடுக்கு சரியாக எழுத்தின் தோள் மேல் உட்கார்ந்திருக்கும். லேபில் இருந்த பழைய பிரிண்டரிலும் ஒழுங்காக வந்தது. ஆனால் பல்கலைக்கழகம் லேசர் பிரிண்ட்தான் வேண்டும் என்றது. அதனால் ஃப்ளாப்பியையும் பழைய பிரிண்டரில் எடுத்த நகலையும் கொண்டுபோய், காந்தி ரோடு பக்கத்துச் சந்தில் இருந்த டிடிபி கடையில் கொடுத்தேன்.

அந்தக் கடைக்காரர் சின்ன காஞ்சிபுரத்துக்காரர், தங்கமான மனுஷர். அவருக்குப் பிழைப்பு கல்யாணப் பத்திரிகை. சுவர் முழுக்க மஞ்சளும் சிவப்புமாக மாதிரிப் பத்திரிகைகள். அவர் கம்ப்யூட்டரில் எதைத் திறந்தாலும் தமிழ் எழுத்தில்தான் திறக்கும். என் கோவைகளைத் திறந்தார். எக்ஸும் ஒய்யும் போய், எந்த மொழியிலும் இல்லாத தமிழில் ஒரு பக்கம் வந்தது. பதறாதீங்க மேடம் என்று சொல்லி ஆங்கில எழுத்துக்கு மாற்றினார். மாற்றிய கையோடு, பழக்க தோஷத்தில், எல்லா வரியையும் பத்திரிகை மாதிரி நடுவில் நிறுத்திவிட்டார். அடுக்கு வரி தனியாக நடுவுக்கு வந்தது, எழுத்து வரி தனியாக நடுவுக்கு வந்தது. எக்ஸின் தலையில் இருந்த இரண்டு ஒய்யின் தலைக்குத் தாவியது, சில அடுக்குகள் அந்தரத்தில் தொங்கின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழவும் செய்தேன் என்று நினைக்கிறேன்.

இவள் வந்து பார்த்தாள். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் இருக்கிற எழுத்துரு ஒன்று உண்டு, அதைப் போட்டு இடது பக்கம் ஒட்டி அடியுங்கள், அடுக்கு நகராது என்று சொல்லிக் கொடுத்தாள். நாளைக்கு வாங்க என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனோம். சந்தனம், குங்குமம் வைத்துக் கொடுக்காத குறையாகப் பக்கங்களை நீட்டினார். ஒவ்வொரு அடுக்கும் அதன் அதன் இடத்தில். நான் மேலே இருந்து கீழே வரை அடுக்குகளையே பார்த்துக்கொண்டு போனேன். ஒன்றுகூடத் தப்பில்லை. பைண்டிங் கடைக்குப் போகலாம் என்று எழுந்தேன்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"அண்ணா, அந்த எழுத்தை எடுத்துட்டுப் பழைய எழுத்தையே போடுங்க. மறுபடியும் கெடுதான்னு பாக்கலாம்" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கடையில் பத்திரிகை அடிக்க வந்த மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்கள் எதிரிலேயே கத்தினேன். "உனக்கு இன்னா பைத்தியமா? திங்கக்கிழம கடைசி நாளுன்னு தெரியும் இல்ல? சரியாயிட்டத ஏன் நோண்டற? உன் குடித்தனத்த நோண்டின மாதிரி என் பிஎச்.டி.யயும் நோண்டாத!"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"எழுத்தை மாத்துங்க அண்ணா. ஒரே ஒரு தடவை."

மாற்றினார். எழுத்து மாறியது. அடுக்குகள் அசையவே இல்லை. எல்லாம் இருந்த இடத்திலேயே ஜம்மென்று உட்கார்ந்திருந்தன.

"பாத்தியா? எப்படிப் போட்டாலும் நல்லாத்தான் வருது. இப்பவாவது கெளம்பு" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "கெட வேண்டியது கெடலபா. எனக்கு அதான் பயமா இருக்குது."

பிறகு கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, இது நாங்க குடுத்த ஃபைலுதானா?"

அவர் வெட்கத்தோடு சிரித்தார். "மேடம் நேத்து அழுதுக்கினு போனாங்க இல்ல, மனசு கேக்கலம்மா. அந்த ஃபைலு எப்படியும் சொதப்பும்னு, நானும் என் வீட்டுக்காரம்மாவும் ஒக்காந்து, நீங்க குடுத்த பழைய பிரிண்டப் பாத்து மொத்தத்தயும் கையாலயே அடிச்சிட்டோம். ஒவ்வொரு நம்பரயும் தூக்கித் தூக்கி வெச்சோம்."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. இவள் அந்தப் பக்கங்களையும் பழைய நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவிக்கொண்டே போனாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"இங்க இருந்த ஒண்ணு எங்க?"

என்னுடைய கோவைகள் ஒவ்வொன்றும் பிளஸ் ஒன்று என்றுதான் முடியும். சின்னதோ பெரியதோ, அந்தக் கடைசி ஒன்று கட்டாயம். அது இல்லாவிட்டால் அது என் கோவையே இல்லை, நான் நிரூபித்த தேற்றமும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் பார்த்தோம். சிலதில் ஒன்று இருந்தது. பலதில் இல்லை.

"அதுவா மேடம்?" என்றார் கடைக்காரர், இன்னும் சிரித்துக்கொண்டே. "கடைசி வரில ஒரு பிளஸ்ஸும் ஒண்ணும் மட்டும் ஒண்டியாத் தொங்கிக்கினு இருந்துது. பத்திரிகையில அந்த மாதிரி விட மாட்டோம். கடைசி வரி ஒத்தையா நிக்கக் கூடாது, பாக்கறதுக்கு நல்லாருக்காது. மேல ஏத்துவோம், எடம் இல்லன்னா எடுத்துடுவோம். மங்களமா முடியணும் இல்ல?"

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை முழுக்க அந்தக் கடையில்தான் இருந்தோம். உண்மையான ஃபைலைத் திறந்து, சம அகல எழுத்தைப் போட்டு, இடது பக்கம் ஒட்டி எடுத்தோம். சரியாக வந்தது. அவள் பழைய எழுத்துக்கு மாற்றச் சொன்னாள். அடுக்குகள் நாலா பக்கமும் சிதறின. "ஆங்! கெட்டுது பாரு!" என்று கை தட்டினாள். திரும்பச் சரி செய்து, எல்லா ஒன்றும் இருக்கிறதா என்று இரண்டு பேரும் சரி பார்த்தோம். முந்தின நாள் நான் சொன்ன வார்த்தையைப் பற்றி அவள் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளுக்குப் பிடித்த மசால் வடை வாங்கி வந்து வைத்தேன். அதை மட்டும், ஏன் வாங்கி வந்தாய் என்று கேட்காமல் சாப்பிட்டாள்.

கடைசியாக அடிக்க வேண்டியது நன்றியுரைப் பக்கம். பேராசிரியர், கல்லூரி முதல்வர், வீட்டுக்காரர், அண்ணன், அதற்குப் பிறகு அவள் பெயர் போட்டு இரண்டு வரி எழுதியிருந்தேன். அவள் திரையில் படித்துவிட்டாள்.

"இத எடுத்துட்டுப் பாரு."

"எத?"

"என் பேர. எடுத்தா புக்கு கெடுதா?"

"மறுபடியும் ஆரம்பிக்காதபா."

"கெடலன்னா எதுக்குச் சுமக்கற? பாரேன்."

கடைக்காரர் மவுஸைப் பிடித்தபடி, "எடுக்கவா மேடம், வெக்கவா?" என்றார். எனக்குத் தலை வலித்தது. "எடுங்க, அந்தம்மா ஆசப்படியே ஆவட்டும்" என்றேன். எடுத்தார். பக்கம் அழகாகவே இருந்தது. கடைசி வரிகூட ஒத்தையாக நிற்கவில்லை.

"பாத்தியா, கெடல" என்று சொல்லி வடையில் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு நடந்தது. வந்திருந்த பேராசிரியர்கள் தேற்றத்தைக் கேட்டார்கள், காபி குடித்தார்கள், கை கொடுத்தார்கள். பின்னிணைப்பை ஒருவரும் திருப்பவில்லை. ஒரு பக்கம்கூட. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கல்லூரிக்கு வந்து அவளிடம் கத்தினேன், இதற்காகவா அன்றைக்கு என் உயிரை எடுத்தாய் என்று.

"திருப்பலன்னா இன்னா? ஒண்ணு அங்க இருக்குது இல்ல" என்றாள்.

அதற்கு அடுத்த வருஷம் அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் எழுதுகிற மென்பொருளைக் கெடுத்துப் பார்ப்பதுதான் வேலையாம், அதற்குச் சம்பளம் வேறு. நான் இத்தனை வருஷம் சும்மா அனுபவித்ததை அங்கே காசு கொடுத்து அனுபவிக்கப் போகிறார்கள் என்று சொல்லி பஸ் ஏற்றி அனுப்பினேன். முதலில் அடிக்கடி பேசினோம். பிறகு தீபாவளிக்குத் தீபாவளி. பிறகு அவள் நம்பர் மாறியது, செவிலிமேட்டு வீட்டையும் விற்றுவிட்டார்கள்.

ஆய்வேடு என் அலமாரியில் இருக்கிறது. எதையாவது தேடும்போது கையில் பட்டால் நன்றியுரைப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அண்ணன் பெயருக்குக் கீழே வெள்ளையாக இருக்கும்.

இதையும் முதலில் அவள் பெயரைப் போட்டுத்தான் எழுதினேன். அப்புறம், அவள் சொன்ன மாதிரியே, பெயரை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டு ஒருதடவை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். அப்படியே விட்டிருக்கிறேன். எங்கேயாவது அவள் கண்ணில் பட்டால், அவளும் பார்த்துக்கொள்ளட்டும்.

கெடுதுபா.